பேதுருவின் ஒன்பது வருஷம்

"அம்மா, உங்கட அவர் ஏற்கனவே செத்திட்டார்," என்றாள் பதிவு மேசையில் இருந்த ஸுஹறா.

"ஓம் மகள், செத்திட்டார். அதைப் பதியத்தானே வந்தனான்," என்றாள் சிசிலியா.

"அதில்லையம்மா. நீங்கள் சொல்றதுக்கு ஒன்பது வருசத்துக்கு முந்தியே செத்திட்டார்."

மன்னாரில் பிறப்பு இறப்புப் பதியும் கந்தோரில் திங்கட்கிழமை என்றால் திருவிழாக் கூட்டம்தான். யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம். ஊர் திரும்பியவர்கள் எல்லாரிடமும் ஏதாவதொரு கடதாசி குறைந்திருந்தது. பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் இல்லாதவர்கள், கலியாணம் முடித்ததற்கு அத்தாட்சி இல்லாதவர்கள், காணி இருந்தும் உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் என்று வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. இந்தியாவில் செத்த மனிதனுக்கு இலங்கையில் மரணப் பதிவு எடுக்க வந்தவள் அன்றைக்கு சிசிலியா ஒருத்திதான். அவளுக்குப் பக்கத்தில் மகள் கிறிஸ்ரினா விண்ணப்பத்தை இடது கையால் நிரப்பி, முழங்கையால் பக்கத்தில் நின்றவரை இடித்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயது. மண்டபம் அகதி முகாமில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள் என்பதால் இன்னும் 'ஓம்' என்று வாயில் வராமல் 'ஆமா' என்றுதான் வரும். அடுத்த வருஷம் உயர்தரப் பரீட்சை. அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடையாள அட்டைக்குக் குடியுரிமைப் பத்திரம் வேண்டும், குடியுரிமைக்குத் தகப்பனின் பத்திரம் வேண்டும், தகப்பனோ செத்துப்போனவர். ஆகவே முதலில் அந்தச் சாவைப் பதிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஸுஹறா அந்தப் பெரிய பதிவுப் புத்தகத்தை மேசையில் திருப்பிவைத்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். அருளப்பு பேதுரு, பேசாலை, கடற்தொழில், வயது முப்பத்திரண்டு. இறந்த திகதி ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு செப்டெம்பர் பத்தொன்பது. காரணம், கடலில் மூழ்கியது. அறிவித்தவர், அருளப்பு சந்தியோகு, தமையன். கீழே கையெழுத்து.

சிசிலியாவின் கையில் இருந்தது இந்தியப் பத்திரம். பத்து வருஷத்துக்கு மேலாக அரிசி டின்னுக்குள் பாதுகாத்து வைத்திருந்தது. அதில் பேதுரு செத்தது தொண்ணூற்றொன்பது நவம்பர் பதினாலு. அதுதான் உண்மை. குடத்தில் தண்ணீரோடு வந்தவர், குடத்தை இறக்கிவைத்துவிட்டு முகாம் வாசலில் அமர்ந்தார். பிறகு எழும்பவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் செத்த மனிதன் என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஸுஹறாவின் கண் பக்கத்தில் கிறிஸ்ரினா நிரப்பிக்கொண்டிருந்த விண்ணப்பத்துக்குப் போனது. கிறிஸ்ரினா பிறந்தது தொண்ணூற்றிரண்டு பெப்ரவரி. ஸுஹறா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நல்ல பிள்ளை, ஆனால் கந்தோரில் தாழ்ந்த குரலுக்குத்தான் காது அதிகம்.

"அம்மா, இந்தப் புத்தகத்தின்படி பார்த்தால், தகப்பன் மௌத்தாகி ஒண்டரை வருசம் கழிச்சுத்தான் பிள்ளை…"

"அப்ப பிள்ளை ஆவிக்கோ பிறந்தது?" என்றான் வரிசையில் பின்னால் நின்ற ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கிறிஸ்ரினாவின் பேனா நின்றுவிட்டது. சிசிலியாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. ஆனாலும் அவள் கடற்கரையில் பிறந்தவள், முகாமில் இருபது வருஷம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பயிற்சி எடுத்தவள். மெதுவாகத் திரும்பினாள்.

"ஓம் தம்பி. அந்தச் செத்த மனுசன்தான் ஒன்பது வருசம் எனக்குத் தண்ணி அள்ளித் தந்தது. உசிரோட இருக்கிற நீ, உன்ர மனுசிக்கு ஒரு வாளி அள்ளிக் குடுத்திருப்பியோ?"

இப்போது வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் தன் விண்ணப்பத்தால் முகத்தை விசிறிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் பார்த்தான். சிசிலியாவும் சிரித்த மாதிரித்தான் நின்றாள்.

"ஒரு மனுசனை ரெண்டு தரம் சாகப் பதியேலாது அம்மா," என்றாள் ஸுஹறா. "முதல்ல இந்தப் பழைய பதிவை ரத்துச் செய்யோணும். அதுக்கு இதை அறிவிச்சவர் வந்து, தான் பிழையா அடையாளம் காட்டினனான் எண்டு சத்தியக் கடதாசி தரோணும். முதல்ல அவரை உயிர்ப்பியுங்கோ. பிறகு நான் முறையாச் சாகப் பதியிறன்."

"மூண்டாம் நாள் உயிர்த்தவரைத்தான் மகள் நான் கேள்விப்பட்டிருக்கிறன்," என்று சிசிலியா கடதாசிகளை அடுக்கினாள். "இவர் இருபத்திரண்டாம் வருசம் எழும்பட்டும்."

தாயும் மகளும் பேசாலைக்குப் பஸ் ஏறினார்கள். ஊர்ச் சேமக்காலையில் பேதுருவின் பெயரில் ஒரு கல்லறை இருப்பது சிசிலியாவுக்கு ஏற்கனவே தெரியும். திரும்பி வந்த முதல் வருஷமே அந்தச் சிலுவையைக் கண்டுவிட்டாள். இவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று இரண்டு வள்ளங்கள் போயின. மற்ற வள்ளம் கவிழ்ந்துவிட்டது. ஒதுங்கிய ஒரு சடலத்தைத் தம்பி என்று நினைத்துச் சந்தியோகு அடக்கம் செய்திருக்கிறார். பேதுரு உயிரோடு இருக்கிறார் என்று அடுத்த வருஷமே ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்தி கிடைத்ததாகவும் பதில் வந்தது. பிறகும் ஏன் அந்தச் சிலுவை என்று கேட்டதற்கு, "பிழையாப் போச்சு, கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லறைதானே, யாரோ ஒரு பாவப்பட்ட மனிதன் அதில் தூங்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். கந்தோரில் ஒரு கடதாசியும் தூங்குகிறது என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கல்லறையைப் பொறுக்கலாம். ஒன்பது வருஷத்தைப் பொறுக்க முடியாது. மண்டபத்துத் தகரக் கூரைக்குக் கீழே அவர் சிரித்தது, சண்டை பிடித்தது, மகள் பிறந்தபோது முகாமைச் சுற்றி ஓடிக் கற்கண்டு கொடுத்தது எல்லாமே இல்லை என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. தன் பிள்ளை யாருடைய பிள்ளை என்று ஒரு வரி கேட்கிறது. சிசிலியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை வள்ளங்கள் கரை சேர்ந்து மீன் ஏலம் முடிந்த நேரம். சந்தியோகு சம்மாட்டி கடற்கரை ஓலை வாடியில் கதிரை போட்டு வலை பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதை நெருங்கினாலும் நாலு வள்ளம் அவர் சொல்லுக்கு ஓடுகிறது. சிசிலியா நடந்ததைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். கிறிஸ்ரினா வாடியின் மரக் கப்பில் சாய்ந்து நின்றாள்.

"என்னால ஏலாது பிள்ளை," என்றார் சந்தியோகு.

"ஏன் அத்தான்? பிடிச்சு மறியலில அடைப்பாங்கள் எண்டு பயமோ?"

"பயமோ? அந்தக் கடதாசி இல்லாட்டி என்ர ரெண்டு பொடியளும் இண்டைக்கு இல்லை. சுற்றிவளைப்பெண்டு ஆமி வருவான். வீட்டு லிஸ்ரில பேதுரு எண்டு பேர் கிடக்கு, ஆள் எங்க, இயக்கத்திலயோ எண்டு கேப்பான். நான் கடதாசியை நீட்டுவன். அவன் பார்த்திட்டுப் போயிடுவான். தம்பி உசிரோட இருக்கிறான் எண்டு நீங்கள் சொல்லி அனுப்பின நேரம் நான் ஓடிப்போய் அதைக் கிழிச்சிருக்கோணும். கிழிக்கேல்லை. தம்பியைச் சாகக் குடுத்துத்தான் பிள்ளையளை வைச்சிருந்தனான்."

சிசிலியா இதை எதிர்பார்க்கவில்லை. ஆத்திரத்தோடு வந்தவளுக்கு அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லாமல் போனது. அந்த வருஷங்களில் பிள்ளைகளைக் காப்பாற்ற யார் யார் எதைச் செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் விட்டுக்கொடுக்க அவள் வரவில்லை.

"அப்ப உங்கட பிள்ளையளுக்காகச் செத்தவர், இப்ப தன்ர பிள்ளைக்காக எழும்பட்டும். ஆமி இப்ப வீடு வீடா வந்து ஆரைக் கேக்குது? வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அத்தான்."

"என்ன சொல்ல?" கிழவர் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். "சந்தியோகு சம்மாட்டிக்குத் தன்ர தம்பியின்ர முடிச்சைத் தெரியேல்லை எண்டோ?"

"என்ன முடிச்சு?"

அவர் எழும்பி உள்ளே போனார். வாடியின் மூலையில் கிடந்த மரப்பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதற்குள் ஒரு பழைய உத்தரியம். கழுத்தில் போடும், மாதாவின் படம் தைத்த இரண்டு மண்ணிறத் துணித் துண்டுகள். படம் உப்பில் கரைந்துபோயிருந்தது. துணிநாடா அறுந்த இடத்தில் பச்சை வலை நூல் கட்டியிருந்தது. நூலின் நடுவில் ஒரு முடிச்சு. முன்பக்கம் நூல் கத்தியால் வெட்டப்பட்டிருந்தது.

"ஆறு நாள் தண்ணியில கிடந்த உடம்பு. முகம் இல்லை. ஊர்ச் சனமெல்லாம் ஆரெண்டு தெரியேல்லை எண்டது. நான்தான் கழுத்தைப் பார்த்தனான். பார், முடிச்சு இடப்பக்கம் சாய்ஞ்சு கிடக்கு. வலைக்காரர் எல்லாருக்கும் வலப்பக்கம் விழும். இந்தக் கரையில இடக்கையால வலை முடிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். நானே அறுத்து எடுத்தனான். நானே அடக்கம் பண்ணினனான். பிறகு பார்த்தால் அவன் அங்க உசிரோட இருக்கிறான்." அவர் கைகளை விரித்தார். "அண்டையில இருந்து நான் ஒருத்தன்ர வலையையும் பார்த்து இது இன்னாற்ற கை எண்டு சொன்னதில்லை. என்ர கண்ணை நானே நம்பினதில்லை."

சிசிலியா அந்த நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்து, எது எதென்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து ஓடியது.

"அத்தான், இது அவர்ர முடிச்சுத்தான்."

"என்ன?"

"மடு மாதா கோயிலுக்குப் போய் வந்த கையோட நாடா அறுந்து, எனக்கு முன்னால இருந்துதான் இதை முடிஞ்சவர். அண்டைக்குப் பொழுதுபட வள்ளம் ஏற நிக்கிறம். மற்ற வள்ளத்தில ஒரு மனுசன் ஏறமாட்டன் எண்டு நடுங்குது. பெருநிலத்தில வயல் செய்யிற ஆள், திருக்கேதீஸ்வரம் பக்கம் எண்டு சொன்னது. கடலையே காலால தொட்டதில்லையாம். இவர் தன்ர கழுத்தில கிடந்ததைக் கழட்டி அந்தாளுக்குப் போட்டார். ஐயோ, நான் சைவம் எண்டுது அந்த மனுசன். கடலுக்கு அது தெரியாது, போட்டுக்கொண்டு ஏறுங்கோ எண்டார் இவர்."

அவள் உத்தரியத்தைச் சந்தியோகுவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்கள் பிழை விடேல்லை அத்தான். முடிச்சு சரி. கழுத்துத்தான் வேற."

கிழவர் கதிரையில் அமர்ந்து மூடிய கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் தன் கண் தன்னை ஏமாற்றிவிட்டதென்று வெட்கப்பட்ட மனிதன், வாடியில் மீன் காயவைத்த பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். சிசிலியா தடுக்கவில்லை. கிறிஸ்ரினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மன்னாருக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமும் கட்டி, பூசைக்குப் போகிறவராகச் சந்தியோகு கந்தோருக்கு வந்தார். சமாதான நீதவானின் முத்திரை குத்திய சத்தியக் கடதாசி கையில் இருந்தது. சிசிலியா அரிசி டின்னையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குள்ளிருந்து பேதுருவின் இலங்கை அடையாள அட்டை வந்தது. புத்தகத்தின்படி அவரோடு கடலில் மூழ்கியிருக்க வேண்டிய அட்டை. முகாமில் எடுத்த குடும்பப் படம் வந்தது. அதில் பேதுரு முகாம் இலக்கமும் திகதியும் எழுதிய சிலேட்டை இடது கையில் பிடித்திருக்கிறார், வலது தோளில் ஒரு வயதுக் கிறிஸ்ரினா தூங்குகிறாள்.

ஸுஹறா அடையாள அட்டையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சந்தியோகுவிடம் கேட்டாள்.

"எதை வைச்சு ஐயா அண்டைக்கு அடையாளம் காட்டினீங்கள்?"

"முடிச்சை வைச்சு."

"முடிச்சுப் பிழையோ?"

"இல்லை மகள். முடிச்சு சரி." கந்தோர் முழுக்கக் கேட்கத்தான் அவர் சொன்னார். "அதை என்ர தம்பி வேற ஒரு மனுசனுக்குக் குடுத்திருக்கிறான். அந்த மனுசன்தான் செத்தது. என்ர தம்பி பிறகு ஒன்பது வருசம் வாழ்ந்தவன். இந்தா நிக்கிறது அவன்ர மகள்."

ஸுஹறா எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை மூடும்போது, "நாங்களும் தொண்ணூறில இடம்பெயர்ந்து புத்தளத்தில இருபது வருசம் இருந்திட்டு வந்த ஆக்கள்தான் அம்மா," என்றாள். "ஒரு கடதாசியும் குறையாம நானே பார்த்து அனுப்பிறன்."

அரசாங்கம் ஆளைச் சாகடிக்க ஒரு நாள் போதும், உயிர்ப்பிக்க ஏழு மாதம் வேண்டும். விண்ணப்பக் கோவை கொழும்புக்குப் போனது. அங்கிருந்து சென்னையில் உள்ள இலங்கைத் தூதரகக் கந்தோருக்குப் போனது. ஒரு கையெழுத்துக் குறைகிறதென்று திரும்பி வந்தது. மறுபடி போனது. ஒவ்வொரு தரமும் சிசிலியா பஸ் ஏறினாள். மூன்றாம் தரத்திலிருந்து சந்தியோகுவும் கேட்காமலே கூட ஏறினார். கந்தோர்க் காவலாளிக்கு இவர்களைத் தூரத்தில் கண்டதும் கதிரை இழுத்துப் போடும் பழக்கம் வந்துவிட்டது.

ஒக்ரோபர் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, நிறைந்த கூட்டத்தில் ஸுஹறா எழும்பி நின்று கூப்பிட்டாள். வழக்கமாக இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவாள். அன்றைக்குப் பெயர் சொன்னாள்.

"பேதுருவின்ர மகள் கிறிஸ்ரினா! வாங்கோ!"

"ஓம்!" என்றாள் கிறிஸ்ரினா. வாழ்க்கையில் முதல் தரம் 'ஓம்' அவள் வாயில் தானாக வந்தது.

பத்திரம் இரண்டு. ஒன்று பழைய பதிவு ரத்து. மற்றது இறப்புப் பதிவு. அருளப்பு பேதுரு, வயது நாற்பத்தொன்று, இறந்த இடம் மண்டபம் முகாம், இந்தியா. தொண்ணூற்றொன்பது நவம்பர் பதினாலு. சிசிலியா அந்தத் திகதியை வாய்விட்டு மூன்று தரம் வாசித்தாள். முப்பத்திரண்டுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே ஒன்பது வருஷம் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கிறிஸ்ரினா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இனிக் குடியுரிமையும் அடையாள அட்டையும் வரிசையாக வரும் என்றாள் ஸுஹறா.

வெளியே வந்து எதிர்க்கடையில் சிசிலியா ஒரு பெரிய பைக்கற் ரொபி மிட்டாய் வாங்கினாள். வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்துக்கொண்டு போனாள். ஏழு மாதத்துக்கு முந்திப் பகிடி விட்டவன் அன்றைக்கும் ஏதோ கடதாசிக்காக நின்றான். அவனுக்கு இரண்டு கொடுத்தாள்.

"என்ன விசேசம் அம்மா?" என்றான் அவன், ஆள் யாரென்று ஞாபகமில்லாமல்.

"என்ர அவர் செத்திட்டார் தம்பி!" என்றாள் சிசிலியா, முகமெல்லாம் சிரிப்பாக. "தொண்ணூற்றொன்பதில!"

நவம்பர் இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு ஊரே சேமக்காலையில் திரண்டிருந்தது. பின்னேரக் கடற்காற்று மெழுகுதிரிகளை அணைக்க அணைக்க ஆட்கள் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சந்தியோகு இருபத்திரண்டு வருஷமாகத் திரி கொளுத்திய அந்தச் சிலுவைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார். பேதுரு என்ற பெயர் இல்லை. வேறு பெயரும் இல்லை. திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றிய ஊர்களில் இரண்டு தரம் போய் விசாரித்துவிட்டார். தொண்ணூறில் கடலால் போய் வந்து சேராதவர்கள் என்று மூன்று வீட்டார் சொன்னார்கள், எந்த வீட்டு மனிதன் என்று இன்னும் தெரியவில்லை. வருகிற கிழமை மறுபடி போவாராம். கோயிலில் வாங்கிய திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து, அதை எப்படி வைப்பதென்று தெரியாமல் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பிறகு மடியிலிருந்து உத்தரியத்தை எடுத்துக் கிறிஸ்ரினாவிடம் நீட்டினார்.

"இது உன்ர கொப்பரின்ர சாமான், பிள்ளை. சோதினைக்குப் போகேக்க போட்டுக்கொண்டு போ."

அவள் வாங்கினாள். நூலின் நடுவில் இருந்த முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தகப்பன் செத்த பிறகு அவருடைய கைவேலை ஒன்றை அவள் தொட்டது அதுதான் முதல் தரம்.

"அப்பா இதை அவருக்கல்லோ குடுத்தது, பெரியப்பா," என்றாள். "குடுத்ததைத் திருப்பி வாங்கலாமோ?"

சந்தியோகு சிசிலியாவைப் பார்த்தார். சிசிலியா தலையாட்டினாள். கிறிஸ்ரினா குனிந்து உத்தரியத்தைச் சிலுவையின் கழுத்தில் போட்டு, அன்று கத்தி வெட்டிய இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்தாள். கட்டத் தெரியாத பிள்ளையல்ல. முகாமில் தாயோடு இருந்து கயிறு முடிந்தவள்தான். இடது கை நூலைச் சுற்றியது, இழுத்தது, இறுக்கியது.

அவள் விலகியதும் கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருங்கிக் குனிந்தார். பழைய முடிச்சு ஒரு பக்கம், புது முடிச்சு மறுபக்கம். இரண்டும் இடப்பக்கமாகவே சாய்ந்து கிடந்தன.

"இது பேதுருவின்ர கை," என்றார் சந்தியோகு, பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்க.